வெயிலில் நிற்கும் நிலவு, இருளில் கரையும் வால்மீன்

இரவு வானத்தைப் படம்பிடிக்க விரும்புவோர் பெரும்பாலும் நிலவிலிருந்தே தொடங்குகின்றனர். பின்னர் வால்மீன் ஒன்று வந்திருப்பதாகச் செய்தி பரவும்போது, அதே கேமராவை அதே முக்காலியில் பொருத்தி அதே முறையில் அதையும் எடுத்துவிடலாம் என்று நம்பி, வெறும் இருட்டையோ மங்கலான ஒரு கறையையோ பெற்று மனம் சோர்கின்றனர். இரண்டும் வானில் தெரிபவை என்பதைத் தவிர, ஒளிப்படக் கலையின் நோக்கில் இவற்றுக்கிடையே ஒற்றுமை ஏதும் இல்லை என்றே சொல்லலாம். நிலவு நேரடி வெயிலில் காயும் பாறை நிலம். வால்மீனோ, சில கிலோமீட்டர் அகலமே கொண்ட ஒரு பனிக்கரு சூரியனை நெருங்கும்போது வெளிவிடும் வாயுவும் தூசியும் பல இலட்சம் கிலோமீட்டர் தொலைவுக்குப் பரவி உண்டாகும் மிக மெல்லிய படலம். முன்னதில் ஒளி மிகுதியாக இருப்பதும் பின்னதில் ஒளி மிகக் குறைவாக இருப்பதும் தெளிவாகப் புரிந்துவிட்டால், எந்த லென்ஸ், எவ்வளவு நேரம், எந்த இடம் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை தானாகவே கிடைக்கத் தொடங்கும்.

நிலவின் தரை தன்மீது விழும் வெளிச்சத்தில் ஏறத்தாழ 12 விழுக்காட்டை மட்டுமே திருப்பி அனுப்புகிறது. பழைய தார்ச்சாலையின் நிறத்துக்கு அது நெருக்கமானது. ஆனாலும் சுற்றிலும் வானம் கறுத்திருப்பதால் கண்ணுக்கு அது வெண்மையாகத் தோன்றுகிறது. கேமராவின் தானியங்கி ஒளியளவியும் இதே கறுப்பினால்தான் ஏமாறுகிறது: படச்சட்டத்தின் பெரும்பகுதி இருண்டிருப்பதைக் கண்டு ஷட்டரை நெடுநேரம் திறந்து வைக்கிறது, நிலவு எந்த விவரமும் இல்லாத வெள்ளை வட்டாகப் பதிவாகிறது. எனவே தானியங்கி முறையைக் கைவிட்டு எல்லாவற்றையும் கையால் அமைப்பதே முதல் பாடமாகும். பிலிம் காலத்திலிருந்தே வழங்கிவரும் எளிய விதி ஒன்று இதற்குப் போதும். லென்ஸில் ஒளி நுழையும் துளையின் அளவைக் குறிப்பது எஃப் எண். அந்த எண் சிறியதாக இருந்தால் துளை பெரியது. அதை 11-இல் நிறுத்தி, ஒளிக்கு உணரி காட்டும் கூர்மையைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண் 100 என்றால் ஷட்டரை 1/100 நொடியும், 200 என்றால் 1/200 நொடியும் திறந்தால் முழுநிலவு சரியாகப் பதிவாகும். அரைநிலவுக்கு இந்த அளவு போதாது. அரைநிலவின் மொத்த வெளிச்சம் முழுநிலவில் பாதியாக இருக்கும் என்று எண்ணத் தோன்றினாலும் உண்மையில் அது பத்தில் ஒரு பங்கு அளவே. பக்கவாட்டில் வெயில் விழும்போது குன்றுகளும் குழிகளும் தத்தம் நிழலால் தரையின் பெரும்பகுதியை மறைத்துவிடுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆகவே அன்று ஷட்டரை நான்கு மடங்கு நேரம் திறக்க வேண்டியிருக்கும்.

அடுத்த ஏமாற்றம் அளவைப் பற்றியது. வானத்தில் நிலவு அடைக்கும் இடம் அரைப் பாகை மட்டுமே. லென்ஸின் குவியத்தூரத்தை, அதாவது அது எவ்வளவு நெருக்கிக் காட்டும் என்பதை மில்லிமீட்டரில் குறிக்கும் எண்ணை, 110 என்ற எண்ணால் வகுத்தால் உணரியின்மீது விழும் நிலவின் அகலம் கிடைத்துவிடும். 300 மி.மீ. லென்ஸில் அது 2.7 மி.மீ. மட்டுமே, ஆயினும் இன்றைய உணரிகளில் அந்தச் சிறு வட்டுக்குள் ஏறத்தாழ எழுநூறு படப்புள்ளிகள் குறுக்காக அடங்கும் என்பதால் கடல்கள் எனப்படும் கருந்தரைகளும் பெரிய வட்டக்குழிகளும் தெளிவாகவே தெரியும். கைப்பேசியின் முதன்மை லென்ஸின் உண்மையான குவியத்தூரம் சில மில்லிமீட்டர்தான். அதில் நிலவு சில பத்துப் புள்ளிகளாகச் சுருங்கிவிடும். கைப்பேசி மட்டுமே வைத்திருப்போருக்கும் வழி உண்டு: சிறிய தொலைநோக்கி ஒன்றின் கண்ணருகு வில்லையில் கைப்பேசியை அசையாமல் பொருத்தும் தாங்கி ஒன்றைக் கொண்டு எடுத்தால், விலையுயர்ந்த லென்ஸ்களுக்கு இணையான படம் கிடைக்கும். தொடுவானத்தில் எழும் நிலவு பெரிதாகத் தோன்றுவது கண்ணும் மனமும் சேர்ந்து செய்யும் மயக்கம் என்பதையும் கேமரா உடனே காட்டிக்கொடுத்துவிடும். உதிக்கும்போதும் உச்சியிலும் எடுத்த படங்களை அருகருகே வைத்தால் வட்டுகள் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். உண்மையான அளவு மாற்றம் வேறொன்று. நிலவின் பாதை நீள்வட்டமாதலால் பூமியிலிருந்து அதன் தொலைவு சுமார் 3,56,500 கிலோமீட்டருக்கும் 4,06,700 கிலோமீட்டருக்கும் இடையே மாறுகிறது. ஒரே லென்ஸில் பல மாதங்கள் முழுநிலவை எடுத்து வருவோர் இந்த வேறுபாட்டைத் தம் படங்களிலேயே அளந்துகொள்ள முடியும்.

பௌர்ணமியன்றுதான் நிலவு அழகு என்ற பொதுவான எண்ணத்தை நிலவைப் படம்பிடிப்போர் ஏற்பதில்லை. அன்று வெயில் நமக்குப் பின்னாலிருந்து நேராக விழுவதால் நிழலே இருப்பதில்லை. மேடும் பள்ளமும் சமமாகிவிடுகின்றன. ஒளிக்கும் இருளுக்கும் இடைப்பட்ட எல்லைக்கோடு ஓடும் இடத்தில்தான் நிலவின் நிலவியல் உயிர்பெறுகிறது, ஏனெனில் அங்கே சூரியன் அப்போதுதான் உதித்துக்கொண்டோ மறைந்துகொண்டோ இருப்பதால் சிறு மேட்டின் நிழலும் நெடுந்தூரம் நீள்கிறது. 93 கிலோமீட்டர் அகலமுள்ள கோப்பர்னிக்கஸ் வட்டக்குழியின் படிப்படியான உட்சுவரும் நடுவிலுள்ள குன்றுகளும் வளர்பிறை அட்டமிக்கு அடுத்த ஓரிரு நாள்களில் காட்டும் தோற்றத்தைப் பௌர்ணமியில் தேடினால் கிடைக்காது. பௌர்ணமிக்கு உரிய சிறப்பு வேறு: தெற்கிலுள்ள டைக்கோ என்னும் வட்டக்குழியை விண்கல் மோதி உண்டாக்கியபோது சிதறிய வெண்பொருள் நிலவின் முகம் முழுவதும் கீற்றுகளாகப் பரவிக் கிடப்பது அன்றுதான் நன்கு தெரியும். அன்றைய படத்தில் நிறச்செறிவைச் சற்றே உயர்த்தினால், சாம்பல் நிறமாக மட்டுமே நாம் அறிந்த தரையில் நீலச் சாயலும் செம்பழுப்புச் சாயலும் வெளிப்படும். அமைதிக் கடல் எனப்படும் சமவெளி நீலம் காட்டுவது அங்குள்ள எரிமலைப் பாறையில் டைட்டேனியம் மிகுந்திருப்பதால். தமிழர்கள் முயல் என்று கண்ட கறையின் ஒரு பகுதியாகிய அந்த இடத்தில்தான் 1969-இல் மனிதர் முதன்முதலாகக் கால் வைத்தனர்.

மூன்றாம் பிறையைக் காண்பதைத் தமிழர்கள் நற்பேறாகக் கருதி வந்துள்ளனர். ஒளிப்படக்காரருக்கும் அது நல்ல நாளே. அந்த மாலையில் மெல்லிய பிறைக்குள் நிலவின் எஞ்சிய பகுதியும் மங்கலாகத் தெரிவதைக் கூர்ந்து பார்ப்போர் அறிவர். பூமியில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளி நிலவின் இரவுப் பகுதியில் விழுந்து மீண்டும் நம்மை அடைவதே அந்த மங்கல் ஒளி என்று ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்கு முன் லியொனார்டோ டா வின்சி சரியாக விளக்கினார். பிறைக்கு ஒரு நொடியின் சிறு பின்னமும் இந்தப் புவியொளிக்கு ஓரிரு முழு நொடிகளும் வேண்டியிருப்பதால் இரண்டையும் ஒரே சட்டத்தில் சமமாகப் பிடிக்க முடியாது. பிறை வெளுத்துப்போவதை ஏற்றுக்கொள்வது அல்லது இரு படங்களை இணைத்து அவ்வாறு இணைத்ததைச் சொல்லிவிடுவது என்னும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

தொலைநோக்கி வழியாக நுண்விவரங்களை எடுக்க முனையும்போது பெருந்தடையாக நிற்பது கருவியன்று, காற்று. வெப்பமும் குளிர்ச்சியும் கலந்த காற்றடுக்குகள் ஒளியை இடைவிடாது வளைத்தும் திருப்பியும் விடுவதால் நிலவின் உருவம் நடுங்கிக்கொண்டே இருக்கும். பகல் முழுவதும் வெயிலை உறிஞ்சிய மொட்டை மாடி இரவில் அந்த வெப்பத்தை வெளிவிடுவதால், நகரவாசிகள் வழக்கமாக நிற்கும் அந்த இடம் முன்னிரவில் நல்லதன்று. திறந்த மண்தரையோ புல்தரையோ, அல்லது மாடியே என்றால் நள்ளிரவுக்குப் பின்னான நேரமோ தேவலாம். அமெச்சூர்கள் இந்த நடுக்கத்தை வெல்லக் கண்ட வழி மிக நுட்பமானது. ஒரே படத்துக்குப் பதிலாக ஆயிரக்கணக்கான சட்டங்கள் கொண்ட சிறு காணொளியை எடுத்து, காற்று கணநேரம் அமைதியுற்றபோது பதிவான சிறந்த சட்டங்களை மட்டும் கணினியால் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுக்கின்றனர். ஆட்டோஸ்டாக்கர்ட், ரெஜிஸ்டாக்ஸ் போன்ற இலவச மென்பொருள்கள் இதைச் செய்கின்றன. அடுக்கும் சட்டங்களின் எண்ணிக்கை நான்கு மடங்கானால் படத்தின் மணல்மணியான இரைச்சல் பாதியாகும். இம்முறையில் 8 அங்குலத் தொலைநோக்கி கொண்டு நிலவில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் அளவுள்ள பொருள்களைப் பிரித்தறியும் எல்லையை வீட்டு முற்றத்திலிருந்தே நெருங்கிவிடலாம். அப்போலோ பயணிகள் விட்டுவந்த கலத்தின் அடிப்பாகம் சில மீட்டரே அகலமுடையது என்பதால், அது ஏன் எந்த அமெச்சூர் படத்திலும் தெரிவதில்லை என்று அடிக்கடி எழுப்பப்படும் ஐயத்துக்கும் விடை இதிலேயே இருக்கிறது.

ஒளிப்படத்தின் வரலாறும் நிலவில் தொடங்கி வால்மீனுக்குத் தயங்கித்தான் வந்தது. ஒளிப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்ட மறு ஆண்டே, 1840-இல், நியூயார்க்கில் வேதியியல் பேராசிரியர் ஜான் வில்லியம் டிரேப்பர் வெள்ளித் தகட்டில் நிலவைப் பதிவுசெய்துவிட்டார். வால்மீனுக்கு மேலும் 18 ஆண்டுகள் ஆயின. அதுவும் வானாய்வகம் ஒன்றின் வெற்றியாக அமையவில்லை. 1858 செப்டம்பர் 27 அன்று இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் வில்லியம் அஷர்வுட் என்ற ஒளிப்படக்காரர், மனித முகங்களை எடுப்பதற்கான லென்ஸை டோனாட்டி வால்மீனை நோக்கித் திருப்பி, ஏழே நொடிகளில் அதன் தலையையும் வாலின் ஒளிமிக்க பகுதியையும் பதிவுசெய்தார். அடுத்த இரவு அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்தில் ஜார்ஜ் பாண்ட் 15 அங்குலப் பெருந்தொலைநோக்கியில் ஆறு நிமிடங்கள் காத்திருந்தும் வால்மீனின் நடுப்புள்ளி மட்டுமே தகட்டில் விழுந்தது. இந்த வேறுபாட்டுக்குள் வால்மீன் ஒளிப்படக் கலையின் அடிப்படை முழுவதும் அடங்கியிருக்கிறது. பரந்து மங்கிய பொருளைப் பெரிதாக்கப் பெரிதாக்க அதன் ஒளியும் பரவி நீர்த்துவிடும். உருப்பெருக்கம் குறைவாகவும் துளை அகலமாகவும் உள்ள லென்ஸ் அந்த ஒளியைச் சிறு இடத்தில் குவித்துவிடும். அஷர்வுட்டின் லென்ஸ் எஃப் 2.4 என்ற அகலத் துளை கொண்டது. இன்று மலிவாகக் கிடைக்கும் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் அதைவிடவும் அகலமானது என்பதை எண்ணிப்பார்த்தால், பெரிய தொலைநோக்கி இல்லையே என்று வருந்துவோருக்கு வருத்தம் தேவையில்லை என்பது விளங்கும். 1882-இல் நன்னம்பிக்கை முனையில் வானியலாளர் டேவிட் கில், உள்ளூர் ஒளிப்படக்காரர் ஒருவரின் கேமராவைத் தொலைநோக்கியோடு சேர்த்துக் கட்டி அவ்வாண்டின் பெரும் வால்மீனை எடுத்தபோது, பின்னணியில் எண்ணற்ற விண்மீன்களும் தகட்டில் விழுந்திருந்தன. வானம் முழுவதையும் ஒளிப்படமாகவே வரைபடமாக்கலாம் என்ற எண்ணம் வலுப்பெற்றது அப்படங்களால்தான்.

வால்மீனின் நல்ல ஒளிப்படம் கண்ணால் காண முடியாத வேதியியலைக் காட்டுகிறது. கருவைச் சூழ்ந்த தலைப்பகுதியின் பச்சை நிறம் இரு கார்பன் அணுக்கள் இணைந்த மூலக்கூறிலிருந்து வருகிறது. சூரிய ஒளியே அம்மூலக்கூறைச் சில நாள்களில் உடைத்துவிடுவதால் அந்தப் பச்சை வால்வரை நீள்வதில்லை என்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2021-இல் ஆய்வகச் சோதனையால் உறுதிப்படுத்தினர். வால் பெரும்பாலும் இரண்டு. மின்னூட்டம் பெற்ற வாயுவாலானது நீல நிறமானது, சூரியக் காற்றால் தள்ளப்பட்டுச் சூரியனுக்கு நேர் எதிர்த்திசையில் நீள்வது. தூசியாலானது வெயிலின் நிறத்தையே பிரதிபலித்து வெளிர்மஞ்சளாக, வளைந்து, அகன்று கிடப்பது. சூரியக் காற்றின் மாற்றங்களுக்கு ஏற்ப நீல வால் முறுக்குண்பதும் சில சமயம் துண்டாகி விலகுவதும் உண்டு என்பதால் ஒரே வால்மீனை அடுத்தடுத்த நாள்களில் எடுப்பது வீண்முயற்சி அன்று.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் குறுக்கிடுகிறது. பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதால் அசையாத முக்காலியில் ஷட்டரை நெடுநேரம் திறந்தால் விண்மீன்கள் கோடுகளாகிவிடும். 500 என்ற எண்ணைக் குவியத்தூரத்தால் வகுத்துக் கிடைக்கும் நொடிகளே உச்சவரம்பு என்பது பழகிய விதி, 50 மி.மீ. லென்ஸுக்குப் பத்து நொடி, சிறிய உணரியென்றால் இன்னும் குறைவு. அந்த வரம்புக்குள் பல படங்கள் எடுத்து அடுக்கலாம், அல்லது வானத்தோடு சேர்ந்து கேமராவை மெல்லத் திருப்பும் பின்தொடர் கருவியைப் பயன்படுத்தலாம். அக்கருவியின் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சரிசெய்ய வேண்டும் என்பதால் தமிழ்நிலத்தில் அது ஒரு தனிச் சோதனையாகிறது. துருவ நட்சத்திரம் தொடுவானத்திலிருந்து எழும் உயரம் அவ்விடத்தின் அகலாங்குக்குச் சமம். சென்னையில் 13 பாகை, யாழ்ப்பாணத்தில் 10 பாகைக்கும் சற்றுக் குறைவு, கன்னியாகுமரியில் 8 பாகை மட்டுமே. கட்டடமோ மரமோ தொடுவானப் புகைமூட்டமோ அதை எளிதில் மறைத்துவிடும். வால்மீனும் விண்மீன்களுக்கிடையே தானாக நகர்கிறது, சில சமயம் ஒரே நாளில் பல பாகைகள்கூட. ஆகவே கணினியில் ஒருமுறை விண்மீன்களைப் பொருத்தியும் மறுமுறை வால்மீனின் தலையைப் பொருத்தியும் அடுக்கி இரண்டையும் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது.

இத்தகைய குறைகளுக்கு ஈடாக வெப்பமண்டல வானம் ஒரு பெரிய நன்மையைத் தருகிறது. ஒளிமிக்க வால்மீன்கள் பெரும்பாலும் சூரியனுக்கு அருகிலேயே தோன்றுவதால் அந்தியிலோ வைகறையிலோதான் அகப்படும். நம் பகுதியில் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக இறங்குவதால் வானம் விரைவில் இருண்டுவிடுகிறது, வால்மீன் மறைவதற்குள் எடுக்க வாய்ப்புக் கிடைக்கிறது. 2024 செப்டம்பர் 27 அன்று சூரியனை மிக நெருங்கிக் கடந்த சுசின்ஷான்–அட்லஸ் வால்மீனை அதையொட்டிய நாள்களில் தென்னிந்தியாவில் பலர் கீழ்வானில் விடியலுக்கு முன் எடுத்தனர். சோழமண்டலக் கரை முழுவதும் கிழக்கே தடையற்ற கடல் தொடுவானம் கொண்டிருப்பது வைகறை வால்மீன்களுக்கு வாய்த்த வசதியாகும். அக்டோபர் 12 அன்று அது பூமியிலிருந்து ஏறத்தாழ 7 கோடி கிலோமீட்டர் தொலைவுக்கு வந்து மாலை வானுக்கு மாறியபோது, வடகிழக்குப் பருவமழை மேகங்கள் ஒருபுறமும் அக்டோபர் 17-இன் பௌர்ணமி நெருங்கியதால் நிலவொளி மறுபுறமும் இடையூறாக வந்தன. வால்மீனை எடுக்க விரும்புவோருக்கு நிலவும் நகர விளக்கும் ஒரே வகையான பகை. வால்மீனின் வெளிச்சத்தைக் குறிக்கும் ஒளித்தர எண்ணைச் செய்தித்தாளில் படித்துவிட்டு விண்மீனைப் போல் பளிச்சென்று தெரியும் என எதிர்பார்ப்பதும் தவறு. அவ்வெண் மொத்த ஒளியையும் ஒரே புள்ளியில் திரட்டியதாகக் கொண்டு சொல்லப்படுவது, வானத்திலோ அது பரவிக் கிடக்கிறது. நகரத்தை விட்டு வெளியேறுவதே சிறந்த கருவி. ஜவ்வாது மலையின் இருளைக் கருதியே காவலூரில் வானாய்வகம் அமைக்கப்பட்டது.

காவலூர் வானாய்வகத்தை உருவாக்கிய வைணு பாப்பு, ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது 1949-இல் ஒளிப்படத் தகடு ஒன்றில் புதிய வால்மீனைக் கண்டறிந்தவர்; அது அவர் பெயரையும் சேர்த்துப் பாப்பு–பாக்–நியூகிர்க் என்று வழங்குகிறது. தானியங்கித் தொலைநோக்கிகள் வானத்தை இரவுதோறும் துழாவும் இக்காலத்திலும் அமெச்சூர்களுக்கு இடம் எஞ்சியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் டெர்ரி லவ்ஜாய் 2007-இல் கடையில் வாங்கிய சாதாரண டிஜிட்டல் கேமராவால் வால்மீன் கண்டுபிடித்தார்; ஜப்பானின் ஹிடேயோ நிஷிமுரா 2023 ஆகஸ்டில் கேமராவும் 200 மி.மீ. லென்ஸும் கொண்டே தம் பெயர் தாங்கிய வால்மீனைக் கண்டார். பெரிய ஆய்வுக் கருவிகள் திரும்பத் தயங்கும், சூரியனுக்கு அருகிலுள்ள அந்தி வானப் பகுதியைப் பொறுமையாக எடுத்துவந்ததே நிஷிமுராவின் பலம்.

இவ்வளவு மதிப்புள்ள முயற்சியில் உண்மை கலையாதிருக்க வேண்டும். சில கைப்பேசிகள் நிலவை அடையாளம் கண்டதும், லென்ஸ் பதிவுசெய்யாத விவரங்களையும் செயற்கை நுண்ணறிவின் துணையால் படத்தில் நிரப்பிவிடுகின்றன. அது அழகாக இருக்கலாம், அந்த இரவின் பதிவு ஆகாது. பெரிய நிலவைக் கோபுரத்துக்குப் பின்னால் ஒட்டிவைத்து ஒரே படமாகக் காட்டுவதும் அப்படியே. கேமரா தரும் மாற்றப்படாத மூலக்கோப்பைப் பாதுகாத்து, இடம், தேதி, நொடிவரை நேரம், லென்ஸ், செய்த திருத்தங்கள் ஆகியவற்றைப் படத்தோடு எழுதிவைப்பது ஒவ்வொரு அமெச்சூரும் கைக்கொள்ளத்தக்க வழக்கம். 2007 அக்டோபர் இறுதியில் ஹோம்ஸ் என்னும் மங்கலான வால்மீன் இரண்டே நாள்களுக்குள் சுமார் ஐந்து இலட்சம் மடங்கு ஒளிபெற்று வெறுங்கண்ணுக்குத் தெரிந்தபோது உலகெங்கும் எண்ணற்றோர் அதைப் படமெடுத்து இணையத்தில் இட்டனர். பின்னர் டஸ்டின் லாங், டேவிட் ஹாக் என்னும் இரு வானியலாளர்கள் அப்படங்களைத் தேடுபொறி வழியாகத் திரட்டி, பின்னணி விண்மீன்களின் அமைப்பைக் கொண்டு ஒவ்வொரு படமும் வானின் எப்பகுதியைக் காட்டுகிறது என்று கணினியால் கண்டறிந்து, யார் எதற்காக எடுத்தார்கள் என்று அறியாமலேயே அந்த வால்மீனின் சுற்றுப்பாதையை அவற்றிலிருந்து கணக்கிட்டுக் காட்டினர். படம் எடுக்கப்பட்ட நேரம் பல கோப்புகளில் இல்லாமலோ நம்பத்தகாததாகவோ இருந்ததுதான் அவர்கள் எதிர்கொண்ட இடர்களுள் ஒன்று.